சிப்பாயைக் கேட்டது எந்தக் கட்டத்தில்? இன்சாஸ் முதல் சிக் 716 வரை, ஓசூர்ப் பட்டறைகளுக்காக ஒரு நிகழ்வு ஆய்வு

தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனையங்களில் ஓசூரும் ஒன்று. சென்னை, சேலம், கோவை, திருச்சி மற்ற நான்கு. 2018-19 மத்திய பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது. 2019 ஜனவரியில் திருச்சியில் தொடக்க விழா நடந்தது. ஓசூர் சிப்காட்டிலும் சூளகிரிப் பக்கத்திலும் இருக்கும் சிறு தொழிற்கூடங்கள் வண்டி உதிரிபாகத்தில் ஊறியவை. டிராயிங் கொடுத்தால் போதும், சொன்ன டாலரன்ஸுக்குள் லட்சம் பீஸ் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். ராணுவச் சரக்கில் சிக்கல் அங்கே இல்லை. டிராயிங்குக்கு அச்சுப் பிசகாமல் இருக்கும் பொருளே களத்தில் காலை வாருகிறது. ஏனென்றால் டிராயிங் உருவாவதற்கு முன்பே ஒரு தவறு நடந்து முடிந்திருக்கும். அந்தத் தவறு எங்கே விழுகிறது என்று காட்ட இந்தியக் காலாட்படையின் துப்பாக்கிக் கொள்முதலைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

இன்சாஸில் என்ன நடந்தது

5.56 மி.மீ. இன்சாஸ் துப்பாக்கி, பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் புனே ஆய்வகத்தில் 1980களில் வடிவமைக்கப்பட்டது. 1998 குடியரசு தின அணிவகுப்பில் பொதுமக்கள் அதைப் பார்த்தார்கள். 1999இல் கார்கிலில் முதல் பெரிய சோதனை வந்தது. அங்கிருந்து எழுந்த புகார்கள் முக்கியமாக மூன்று. குளிரில் பிளாஸ்டிக் மேகசின், அதாவது தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கியில் மாட்டும் பெட்டி, விரிசல் விட்டது. சுடும்போது எண்ணெய் தெறித்துக் கண்ணில் பட்டது. மூன்று ரவுண்டோடு (தோட்டாவோடு) நிற்க வேண்டிய அமைப்பில் சில சமயம் சுடுவது நிற்காமல் ஓடியது. 2005இல் நேபாள ராணுவமும் நீண்ட சண்டையில் துப்பாக்கி சூடேறித் திணறியதாகப் புகார் சொன்னது; சரியாகக் கையாளவில்லை என்று இந்தியத் தரப்பு பதில் சொன்னது.

மேகசினைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஓசூர் மோல்டிங் பட்டறைக்காரர்களுக்குக் கைவந்த விஷயம் அது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் செய்ததற்கு நல்ல காரணம் இருந்தது: எத்தனை ரவுண்டு மிச்சம் என்று வெளியிலிருந்தே தெரியும். ஆனால் மேகசினின் உயிர் அதன் உதட்டில் இருக்கிறது, அதாவது மேல் ரவுண்டைப் பிடித்து நிறுத்தும் இரண்டு மடிப்புகளில். நிரப்பிய மேகசின் உதடு கீழாகக் கல்லில் விழுந்தால் மொத்த எடையும் அங்கேதான் இறங்கும். குளிரில் பிளாஸ்டிக்கின் இழுபடும் தன்மை குறைந்துபோகும். மோல்டில் கேட் (பிளாஸ்டிக் உள்ளே நுழையும் வாய்) தவறான இடத்தில் இருந்து, உருகிய பிளாஸ்டிக்கின் இரண்டு ஓட்டங்கள் உதட்டருகே வந்து கூடினால், அந்த வெல்டு லைனில்தான் முதல் விரிசல் பிறக்கும். இன்னொன்றும் உண்டு: மாதக்கணக்கில் முழுதாக நிரப்பி வைத்த பிளாஸ்டிக் மேகசினில் ஸ்பிரிங்கின் அழுத்தத்தால் உதடு மெல்ல விரியும், பிறகு இரண்டு ரவுண்டு ஒன்றாக ஏறும். மேகசினை முழுக்க நிரப்பாமல் ஒன்றிரண்டு ரவுண்டு குறைத்தே போடும் வழக்கம் உலகம் முழுக்கச் சிப்பாய்களிடம் இருக்கிறது. எந்த விவரக்குறிப்பிலும் அது எழுதப்பட்டிருக்காது.

சோதனையே நடக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வருடக்கணக்கில் நடந்தது, ராணுவமும் உடனிருந்தது. கேள்வி அங்கே இருந்தவர் யார், அவரிடம் கேட்டது என்ன என்பதுதான்.

கோப்பின் பாதை

இன்றைய கொள்முதல் முறை 2020ஆம் ஆண்டின் பாதுகாப்புக் கொள்முதல் நடைமுறைப்படி ஓடுகிறது. முதலில் தகவல் கோருதல். அடுத்து பொருள் எப்படி இருக்க வேண்டும் என்று படையின் தேவைகளை எழுத்தில் வைத்தல், கியூ.ஆர். என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். பிறகு தேவை ஏற்பு, விலைப்புள்ளிக்கான அழைப்பு, தொழில்நுட்ப மதிப்பீடு, கள மதிப்பீட்டுச் சோதனை, விலைப் பேச்சு, ஒப்பந்தம். களச் சோதனைக்குக் கம்பெனி தன் செலவில் சாமான் கொண்டுவர வேண்டும். வாங்குவோம் என்ற உறுதி கிடையாது.

சிப்பாயின் கை பொருளில் முதன்முதலாகப் படுவது பெரும்பாலும் களச் சோதனையில். அதற்குள் கியூ.ஆர். உறைந்துவிட்டிருக்கும். அவர் சொல்லக்கூடியது தேறியது, தேறவில்லை என்ற இரண்டே வார்த்தை. ஸ்ட்ராப் இரண்டு அங்குலம் தள்ளியிருந்தால் நன்றாயிருக்கும் என்று அவர் சொன்னால் அதை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. எழுதினாலும் பயன் இல்லை. ஒரு கம்பெனிக்காக நிபந்தனையைத் திருத்தினால் மற்ற கம்பெனி வழக்குப் போடும். நேர்மைக்காகப் போட்ட விதியே கைப்பட்டறிந்தவரின் வாயைக் கட்டிவிடுகிறது. விதியைக் குறை சொல்லிப் பயனில்லை. அவரை அதற்கு முன்பே கூப்பிட்டிருக்க வேண்டும்.

2011: எல்லாமும் வேண்டும் என்றால்

இன்சாஸுக்கு மாற்றாக 2011இல் பலகாலிபர் துப்பாக்கிக்கு டெண்டர் விடப்பட்டது. முதல் தவணை சுமார் 66,000. குழலையும் மேகசினையும் மாற்றினால் அதே துப்பாக்கி 5.56×45 ரவுண்டையும் சுட வேண்டும், ஏ.கே. சுடும் 7.62×39 ரவுண்டையும் சுட வேண்டும். எடை 3.6 கிலோவைத் தாண்டக் கூடாது. பெரெட்டா, கோல்ட், ஐ.டபிள்யூ.ஐ., செஸ்கா, சிக் சாவர் என்று பேர்பெற்ற கம்பெனிகள் வந்தன. சோதனை நடந்தது. எதுவும் நிபந்தனையை நிறைவு செய்யவில்லை என்று 2015இல் டெண்டர் கைவிடப்பட்டது. நான்கு வருடம் போனது, ஒரு துப்பாக்கியும் வரவில்லை.

இந்த நிபந்தனையை எழுதியதும் ராணுவம்தான், டெல்லியில் உட்கார்ந்த ராணுவம். ஒவ்வொரு கம்பெனியின் பிரசுரத்திலும் நன்றாகத் தெரிந்த அம்சத்தைப் பொறுக்கி ஒரே தாளில் ஒட்டினால் இப்படித்தான் வரும். ரோந்து போகும் ஒரு செக்ஷனிடம் (சிறு காலாட்படைக் குழுவிடம்) அரை நாள் பேசியிருந்தால் கேள்விகள் தாமாக வந்திருக்கும். மாற்றுக் குழலை யார் சுமப்பது? குழலை மாற்றினால் குறி விலகும், திரும்ப ஜீரோ செய்யாமல், அதாவது குறியைச் சரிப்படுத்தாமல், எப்படிச் சுடுவது, அதற்கு ரேஞ்ச் எங்கே? ஒரே செக்ஷனில் இரண்டு வகை ரவுண்டு இருந்தால் இருட்டில் ஒருவர் இன்னொருவருக்கு மேகசின் எறிந்து கொடுக்க முடியுமா? பட்டாலியன் ஆர்மரர் (ஆயுதங்களைப் பராமரிப்பவர்) ஒவ்வொரு துப்பாக்கிக்கும் இரண்டு போல்ட்டு, இரண்டு குழல் என்று கணக்கு வைக்க வேண்டும். கோத்தில் (ஆயுத அறையில்) அதற்கான அலமாரி உண்டா? இந்த வசதி யாருக்குப் பயன்படும் என்று கேட்டால் அநேகமாக யாருக்கும் இல்லை என்பதுதான் பதிலாக வந்திருக்கும்.

எல்லைக்கோட்டில் நிற்பவருக்கும் பின்னால் டிப்போவில் நிற்பவருக்கும் தேவை ஒன்றல்ல. அடுத்த சுற்றில் இது ஓரளவு புரிந்துகொள்ளப்பட்டது. 2018 ஜனவரியில் 72,400 துப்பாக்கிகளுக்கும் 93,895 கார்பைன்களுக்கும் (குழல் குட்டையான துப்பாக்கிகளுக்கும்) ரூ. 3,547 கோடியில் விரைவுக் கொள்முதலுக்கு ஒப்புதல் கிடைத்தது. 2019 பிப்ரவரியில் சிக் சாவர் கம்பெனியுடன் 72,400 சிக் 716 துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் ஆனது. அதில் 66,400 தரைப்படைக்கு, 4,000 விமானப்படைக்கு, 2,000 கடற்படைக்கு. இது 7.62×51 ரவுண்டு சுடுவது, முன்னணியில் இருப்பவர்களுக்கானது. பெரும்பான்மைப் படைக்கு 7.62×39 சுடும் ஏ.கே. 203 என்று முடிவாகி, உத்தரப் பிரதேசத்தின் கொர்வாவில் ஆறு லட்சத்துக்கு மேல் செய்ய ஏற்பாடானது. ஒரே துப்பாக்கி எல்லோருக்கும் என்ற பிடிவாதம் விட்டுப்போனது.

இதற்கும் விலை உண்டு, அதைச் சுமப்பது சிப்பாயின் தோள். 5.56 ரவுண்டு ஒன்று சுமார் 12 கிராம். 7.62×39 பதினாறு, பதினேழு. 7.62×51 சுமார் 24. 120 ரவுண்டு எடுத்துப் போகிறவர் முன்பு ரவுண்டுக்கு மட்டும் ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுமந்தார். இப்போது மூன்று கிலோவை ஒட்டிச் சுமக்கிறார், மேகசின் எடை தனி. எதிரி ஒரே ரவுண்டில் விழ வேண்டும் என்ற தேவையும் நான்கு நாள் ரோந்துக்குக் கூடுதல் ரவுண்டு வேண்டும் என்ற தேவையும் ஒன்றோடொன்று மோதுகின்றன. எதை விடலாம் என்று சொல்லத் தகுதியுள்ளவர் அதைத் தூக்கி ஏறுகிறவர்.

இந்தக் கோளாறு இந்தியாவில் மட்டும் உண்டா என்றால் அதுவும் இல்லை. பிரிட்டனின் எஸ்.ஏ.80 துப்பாக்கி 1985இல் படைக்கு வந்தது. நெஞ்சோடு அணைத்துப் பிடித்தால் மேகசின் பொத்தான் தானே அழுந்தி மேகசின் கழன்று விழுந்தது. இடத் தோளில் வைத்துச் சுடவே முடியாது, காலி தோட்டா முகத்துக்கு வரும். கொசுவிரட்டி மருந்து பட்டுப் பிளாஸ்டிக் பாகங்கள் இளகின. 2000க்குப் பிறகு ஹெக்லர் அண்ட் கோக் சுமார் 2,00,000 துப்பாக்கிகளை 9.2 கோடி பவுண்டு செலவில் திருத்தியது. கொசுவிரட்டி பூசிய கையோடு துப்பாக்கியைத் தொட்டுப் பார்க்கும் சோதனைக்கு ஒரு மாலைப்பொழுது போதுமாயிருந்திருக்கும்.

ஓசூரில் ஒரு பவுச்சை வைத்துச் செய்து பார்த்தால்

துப்பாக்கியும் அதன் பாகங்களும் ஆயுதச் சட்டத்தின் கீழ் வருகின்றன. 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் இல்லாமல் மேகசின் மோல்டு அடிப்பதை நினைக்கவும் கூடாது. உரிமம் தேவைப்படாத பொருள்கள் எவ்வளவோ உண்டு: மேகசின் பவுச், ஸ்லிங், ஹெல்மெட் ஸ்ட்ராப், ரேடியோ பேட்டரி உறை, முதுகுப்பை. இவற்றில் மேகசின் பவுச்சை எடுத்துக்கொள்வோம். சின்னப் பொருள், ஆனால் தவறு செய்ய நிறைய இடமுள்ள பொருள்.

முதல் வேலை ஆள் சேர்ப்பது. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் இருக்கின்றன. அந்த வழியாகப் போவது முறையும் பாதுகாப்பும். பணியில் இருக்கும் சிப்பாயை விடுப்பில் வந்திருக்கும்போது பிடித்துக் கேட்பது அவருக்கு ஆபத்து, செய்யாதீர்கள். அவர்களிடம் போக வேண்டுமென்றால் 2016இல் அமைக்கப்பட்ட ராணுவ வடிவமைப்புப் பிரிவும், பாதுகாப்புத் துறையில் புதுமை முயற்சிகளை ஊக்குவிக்க 2018இல் தொடங்கிய ஐடெக்ஸ் திட்டமும் முறையான வாசல்கள். அந்தப் பிரிவு, படைகள் சந்திக்கும் சிக்கல்களைத் தொகுத்தே வெளியிடுகிறது. அதைப் படிக்காமல் மாதிரி செய்ய உட்காருவது காலவிரயம்.

பன்னிரண்டு பேர் போதும். ஓய்வு பெற்று ஐந்து வருடத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் அவர் பேசுவது அவர் காலத்துச் சாமானைப் பற்றி. காலாட்படைக்காரர் ஆறேழு பேர், மீதி ஓட்டுநர், சிக்னல், நர்சிங் அசிஸ்டென்ட், கட்டாயம் ஒரு ஆர்மரர். இடக்கைக்காரர் இரண்டு பேர். உயரம் 165 செ.மீ.க்குக் கீழே இரண்டு பேர். கண்ணாடி போட்டவர் ஒருவர். நன்றாகச் சுடுகிறவர்களை மட்டும் கூட்டிவந்தால் தவறான விடை கிடைக்கும். அவர்கள் எந்த மோசமான சாமானிலும் சமாளித்துவிடுவார்கள்.

சுபேதார்களையும் சிப்பாய்களையும் ஒரே அறையில் உட்கார வைக்க வேண்டாம். ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆனாலும் அந்த வரிசை மாறுவதில்லை. மூத்தவர் நன்றாயிருக்கிறது என்று சொன்ன பிறகு மற்றவர்களிடம் கேட்டால் கிடைப்பது, "ஐயா சொன்னா சரிதானுங்க" என்பதுதான். தனித்தனியே செய்யவிடுங்கள், கடைசியில் மட்டும் சேர்ந்து பேசட்டும்.

கருத்துக் கேட்காதீர்கள், வேலை கொடுங்கள். டிரில் ரவுண்டு (வெடிக்காத பயிற்சித் தோட்டா) போட்ட போலி மேகசின் ஆறு. அதே எடை வர வேண்டும், கூடக் குறைய இருந்தால் சோதனை வீண். குப்புறப் படுத்தபடி மேகசின் எடுப்பது. முப்பது மீட்டர் ஊர்ந்துவிட்டு எடுப்பது. டாடா சுமோ அளவு வண்டியில் பின் சீட்டிலிருந்து இறங்கிக்கொண்டே எடுப்பது. தடித்த கம்பளிக் கையுறையோடு. பவுச்சை ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்துவிட்டு. கண்ணைக் கட்டிக்கொண்டு. ஒவ்வொன்றும் இருபது தடவை. குறித்துக்கொள்ள வேண்டியவை மூன்று: எடுத்த நேரம், கீழே விழுந்த மேகசின், கண் எத்தனை தடவை குனிந்தது. மூன்றாவதுதான் முக்கியம். எதிரே பார்க்க வேண்டிய கண் பவுச்சுக்குத் தாழ்ந்தால் அந்தப் பவுச் தோற்றது, நேரம் எவ்வளவு நன்றாயிருந்தாலும்.

தவறு வரும் இடங்கள் பெரும்பாலும் இவை. மூடிக்கு வெல்க்ரோ வைத்தால் இரவில் சத்தம் கேட்கும், சேறு புகுந்தால் ஒட்டாது. பிரஸ் பட்டன் வைத்தால் கையுறையோடு திறக்காது. எலாஸ்டிக் வைத்தால் முதல் மாதம் அருமையாக இருக்கும், பிறகு தளர்ந்துவிடும். எத்தனை தடவை இழுத்த பிறகு எத்தனை மி.மீ. தளர்கிறது என்று முதலிலேயே அளந்துவிட வேண்டும். பின்னால் மாட்டும் நெசவுப் பட்டை 25 மி.மீ. அகலம், வரிசைக்கு வரிசை 25 மி.மீ. இடைவெளி, 38 மி.மீ.க்கு ஒரு தையல் என்பது உலகம் முழுக்க நிலைத்துவிட்ட அளவு. அதை ஒரு மி.மீ. மிச்சம் பிடிக்கலாம் என்று மாற்றினால் வேறு கம்பெனியின் கவசத்தில் உங்கள் பவுச் உட்காராது. பார்டேக் தையல் (இழுவை விழும் முனைகளில் போடும் நெருக்கமான தையல்) விட்டுப்போவது, பட்டை முனையைச் சூட்டால் அடைக்காமல் விடுவது இரண்டும் தையல்கூட மேற்பார்வைக் கோளாறு. அதற்குச் சிப்பாய் தேவையில்லை.

தட்பவெப்பத்தில் இந்தப் பக்கத்துக்குப் பாதி வசதி இருக்கிறது. தர்மபுரி மே மாத வெயில், கிருஷ்ணகிரி கிரானைட் குவாரிப் பொடி, செம்மண் இவையெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். கிரானைட் பொடி கூர்மையானது. ஜிப், பக்கிள், பிவட் எதுவானாலும் அரைத்துத் தள்ளிவிடும். ஓசூர்க் குளிரை நம்பிக் கார்கில் பக்கத்துத் திராஸுக்குச் சாமான் அனுப்ப முடியாது, வெள்ளைக்காரன் லிட்டில் இங்கிலாந்து என்று சொன்னதெல்லாம் அவன் வசதிக்கு. பிளாஸ்டிக் பக்கிளைக் கரடுமுரடாகச் சலித்தெடுக்கத் தெர்மோகோல் பெட்டியும் உலர்பனியும் போதும். உலர்பனி மைனஸ் 78 டிகிரி. நேரே அதன் மேல் பொருளை வைக்காமல் ஓட்டை போட்ட தட்டுக்கு மேல் வைத்து, பொருளோடு தெர்மோகப்பிளைக் கட்டி, மைனஸ் 30ஐ ஒட்டி நான்கு மணி நேரம் நிறுத்த வேண்டும். எடுத்த பத்து வினாடிக்குள் ஒன்றரை மீட்டரிலிருந்து சிமென்ட் தரையில் ஆறு பக்கமும் விழ விடுங்கள். ஜன்னல் திறந்த அறையில் செய்ய வேண்டும். மூடிய அறையில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்தால் ஆளே விழுவார். நைலான் பாகமென்றால் மோல்டிலிருந்து வந்த சூட்டோடு சோதிக்காதீர்கள். ஈரம் ஏறாத நைலான் முறுகலாக இருக்கும், ஈரப்பதம் ஏறிய பிறகு வேறு மாதிரி நடக்கும். இரண்டு நிலையிலும் பார்க்க வேண்டும். இது முறைப்படியான சான்றுக்கு ஈடாகாது. மின்னணுப் பொருளுக்கு ஜே.எஸ்.எஸ். 55555 தரத்தின்படி ஆய்வகத்தில்தான் போக வேண்டும். ஆனால் ஆய்வகக் கட்டணம் கட்டிப் போய்த் தோற்பதை இது தடுக்கும்.

சிப்பாய் சொல்வதெல்லாம் சரியா

இல்லை. எடை குறைய வேண்டும், உறுதி கூட வேண்டும், பை பெரிதாக வேண்டும், உடம்போடு ஒட்டியும் இருக்க வேண்டும். தனித்தனியே கேட்டால் எல்லோரும் எல்லாம் கேட்பார்கள். 2011 டெண்டர் கெட்டதும் இதே நோயில்தான். இதற்கு எளிய வைத்தியம் ஒன்று: கோரிக்கைகளைத் தாளில் வரிசையாக எழுதிவிட்டு ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை கொடுங்கள். வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு வைக்கட்டும், பதினோராவது கொட்டை கிடையாது. எதில் ஒன்றும் விழவில்லையோ அதைக் கியூ.ஆரில் கட்டாயமாக்கக் கூடாது. கொள்முதல் நடைமுறையிலும் இதற்கு இடம் இருக்கிறது: கட்டாயத் தேவை தனி, கூடுதல் திறனுக்கான அளவுகோல் தனி. கூடுதல் திறனுக்கு விலை ஒப்பீட்டில் மொத்தம் 10 சதவீதம் வரை சலுகை கிடைக்கும். நல்லது ஆனால் அவசியமில்லை என்பதை எல்லாம் அங்கே தள்ளிவிட்டால் டெண்டர் சாகாது.

அவர் வாயால் சொல்லாததையும் பார்க்க வேண்டும். பழைய கிட்டை எடுத்துவரச் சொல்லுங்கள். சைக்கிள் டியூப்பை வெட்டிப் போட்ட ரப்பர் வளையம், கறுப்பு டேப் சுற்றிய பக்கிள், நூலில் முடிச்சுப் போட்டு நீட்டிய ஜிப் தலை, இவை ஒவ்வொன்றும் யாரோ விட்ட தவறைச் சிப்பாய் தன் கையால் சரிசெய்த இடம். அவரைக் கேட்டால் குறையொன்றும் இல்லை என்பார், பழகிப்போயிருக்கும்.

உடம்பு சம்பந்தப்பட்டதில் மட்டும் அவர் சொல்வதை எதிர்க்கேள்வி இல்லாமல் எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்க ராணுவம் மைக்ரோசாஃப்ட் கம்பெனியோடு 2021இல் சுமார் 2,188 கோடி டாலர் வரை போகக்கூடிய ஒப்பந்தம் போட்ட கண்ணாடிக் கருவியைச் சிப்பாய்கள் அணிந்து பார்த்தபோது தலைவலி, கண் உளைச்சல், குமட்டல் என்று பெரும்பாலோர் சொன்னார்கள். அதன் பிறகு கருவி திரும்ப வடிவமைக்கப்பட்டது. ஆய்வகத்தில் எந்த அளவீட்டிலும் அது தெரிந்திருக்காது.

ஆர்டர் கிடைத்த பிறகு

இங்கேதான் ஓசூர்க்காரர்கள் அசந்துவிடுகிறார்கள். பன்னிரண்டு பேர் ஒப்புக்கொண்ட கடைசி மாதிரியை மூன்றாகச் செய்து முத்திரை வைத்துவிட வேண்டும்: ஒன்று தயாரிப்பாளரிடம், ஒன்று தர ஆய்வாளரிடம், ஒன்று வாங்கும் படைப்பிரிவிடம். துணி, நூல், பட்டை, பக்கிள் நான்கின் வாங்கிய இடமும் லாட் எண்ணும் அதோடு கட்டிய அட்டையில் இருக்கட்டும். ஆறு மாதம் கழித்துப் பக்கிள் சப்ளையர் மாறுவார், இரண்டு ரூபாய் குறையும், தோற்றம் அதேதான். அந்த மாற்றம் காகிதத்தில் சமமான பொருள் என்று ஒரே வரியில் கடந்துபோகும். அப்படி விடாமல், நான்கில் எது மாறினாலும் புது லாட்டில் பத்துப் பீஸை உலர்பனிப் பெட்டியிலும் கையுறைச் சோதனையிலும் மறுபடி ஓட்டிப் பார்த்து, பன்னிரண்டு பேரில் இடக்கைக்காரர் ஒருவர் உட்பட மூன்று பேரையாவது அழைத்துக் கையொப்பம் வாங்கிய பிறகே லாரியில் ஏற்ற வேண்டும்.